ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்... இவருக்கு ரெண்டு!

ஆபீஸில் ஒருத்தர் மேல் முத்திரை விழுந்துவிட்டால் தீர்ந்தது கதை. “அவரா? சரக்கு காலியாகி ரொம்ப நாளாச்சுப்பா!” என்று கேன்டீனிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அப்புறம் அவர் எவ்வளவு பிரமாதமாக நோட் போட்டாலும் யாரும் படிப்பதில்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே ஃபைல் ஓரத்துக்குப் போய்விடும்.

சரி, அதே நோட்டின் கீழே வேறு ஆள் கையெழுத்து இருந்தால்?

செய்தே பார்த்துவிட்டார் ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். பெயர், ரொமேன் காரி.

1914-ல் வில்னியஸில் பிறந்த யூதப் பையன். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மாதான் எல்லாம். தொப்பி தைத்து விற்றுக் காப்பாற்றினாள். “நீ பெரிய எழுத்தாளன் ஆவே... பிரான்ஸுக்குத் தூதரா வருவே!” என்று சதா அதே பேச்சு. 1928-ல் நீஸ் நகருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

பையன் அம்மா பேச்சைத் தட்டவில்லை. உலக யுத்தத்தில் விமானப் படை. 1944-ல் ஒரு தாக்குதலின்போது பைலட்டுக்குக் கண்ணில் அடி, பார்வை தெரியவில்லை. தனக்கும் காயம் பட்டிருக்க, வாயாலேயே வழி சொல்லிச் சொல்லி விமானத்தைத் தரையிறக்க வைத்தார் காரி. பிறகு ராஜாங்க உத்தியோகம். லாஸ் ஏஞ்சல்ஸில் பிரெஞ்சு கான்சல் ஜெனரல். ஹாலிவுட் நடிகை ஜீன் ஸீபெர்க்குடன் கல்யாணம். 1956-ல், யானைகளைக் காப்பாற்றப் போராடும் ஒரு மனிதனைப் பற்றிய நாவலுக்கு கொன்கூர் பரிசு!

கொன்கூர் என்றால் பிரான்ஸில் அப்படியொரு மவுசு. பரிசுத் தொகை இன்றைக்கும் வெறும் பத்து யூரோதான். ஆனால் அட்டையில் அந்தச் சிவப்புப் பட்டை ஏறிவிட்டால் புத்தகம் லட்சக்கணக்கில் பறக்கும். ஒரே ஒரு கண்டிஷன்: ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்.

காரிக்கு வயசு அறுபதை நெருங்கியது. ‘பழைய ஆசாமி’ என்று ஒதுக்க ஆரம்பித்தார்கள் விமர்சகர்கள். மனுஷனுக்குச் சுருக்கென்றது. ‘இவர்கள் படிப்பது என் எழுத்தையா, என் பெயரையா?’

1974-ல் பாரிஸில் ஒரு புது நாவல் வந்தது. மலைப்பாம்போடு குடித்தனம் நடத்தும் ஒரு ஆபீஸ் குமாஸ்தாவின் கதை. எழுதியவர் எமில் அஜார். யாரிவர்? பிரேசிலில் இருக்கிறாராம், பிரான்ஸுக்கு வரமுடியாத சிக்கலாம். விமர்சகர்கள் சொக்கிப்போனார்கள்.

அடுத்த வருஷம் இரண்டாவது நாவல். ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே, ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒரு யூதக் கிழவி. ஒருகாலத்தில் தெருவில் நின்றவள், இப்போது அந்தத் தொழில் பெண்களின் குழந்தைகளை வளர்க்கிறாள். அவளிடம் வளரும் மோமோ என்ற அரபுப் பையன் கதை சொல்கிறான். ஊரே உருகிவிட்டது. 1975 கொன்கூர் பரிசு, எமில் அஜாருக்கு!

காரிக்கு வயிற்றைக் கலக்கியது. பரிசு வேண்டாம் என்று அஜார் பெயரில் கடிதம் போனது. ‘பிறப்பு, சாவு மாதிரி இதையும் மறுக்கமுடியாது’ என்று கையை விரித்துவிட்டார் குழுவின் தலைவர்.

அஜாராக நடிக்க, ஒன்றுவிட்ட சகோதரியின் மகன் பால் பாவ்லோவிச்சை ஏற்கெனவே தயார் செய்திருந்தார் காரி. பேட்டி கொடுத்தவர் அவர்தான். நிருபர்கள் துருவி, அவர் காரிக்கு உறவு என்று கண்டுபிடித்தார்கள். “அப்ப நீங்கதானே அஜார்?” என்று காரியைக் கேட்டால், “நானா? இல்லவே இல்லை!” ‘அவராவது, இப்படி எழுதவாவது!’ என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

விஷயம் இங்கேதான் கசந்தது. எழுத்து இவருடையது, கைதட்டல் இன்னொருத்தருக்கு. ‘அது நான்தான்’ என்று வாய்விட்டுச் சொல்லமுடியாது. பெயரிலிருந்து தப்பிக்கப் போட்ட வேஷத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

1980 டிசம்பர் 2-ம் தேதி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 66. மறு வருஷம் டெலிவிஷனில் தோன்றி உண்மையை உடைத்தார் பாவ்லோவிச். காரி எழுதிவைத்திருந்த வாக்குமூலமும் புத்தகமாக வந்தது. அதில் அழுகை இல்லை. சிரித்துக்கொண்டே விடைபெறுகிற தொனி. விமர்சகர்கள் முகத்தில்தான் அசடு வழிந்தது.

ஒரு வேடிக்கை. ரஷ்ய மொழியில் ‘காரி’ என்றால் எரி. ‘அஜார்’ என்பதும் அதே மொழியில் தணலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். விடை அட்டையிலேயே இருந்திருக்கிறது!

அடுத்த தடவை ஆபீஸில், “அவரா? சரக்கு காலி!” என்று சொல்ல வாயெடுக்கிறீர்களா? ஒரு நிமிஷம். அவர் போட்ட நோட்டில் கையெழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள்.