திருத்தணி: படிக்குக் கீழே இருக்கிற கதை

திருத்தணின்னா நமக்கு 365 படி, முருகன் தரிசனம், இறங்கினதும் டிபன். நானும் பல வருஷம் அப்படித்தான். போன தடவைதான் கீழே, நந்தியாற்றங்கரையில இருக்கிற வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனேன். சின்னக் கோயில்தான். ஆனா 9ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்துது. நம்பி அப்பி என்பவர் கல்லால் கட்டினார். அதைப் பற்றி மன்னரே பாடிய தமிழ் வெண்பா அங்கே கல்வெட்டா இருக்கு.

அந்த ஊர்தான் 1953இல் ஆந்திர மாநிலம் உருவானப்போ, சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து அந்தப் பக்கம் போச்சு. ம.பொ.சி. போராடினார். படாஸ்கர் கிராமம் கிராமமா, எந்த மொழி பேசுறவங்க அதிகம்னு பார்த்து எல்லையைப் பிரிக்கப் பரிந்துரைச்சார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பி வந்துச்சு.

ஆனா கிராமத்தைப் பிரிக்கலாம், வீட்டைப் பிரிக்க முடியுமா? 1888இல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. கடைத்தெருவுல இன்னைக்கும் ரெண்டு மொழியும் காதுல விழும். தமிழ் வெண்பாவும் இந்த ஊர்தான், அந்தத் தெலுங்கும் இந்த ஊர்தான்.

அடுத்த தடவை மலை இறங்கினதும் உடனே ரயில் ஏறிடாதீங்க. ஆற்றங்கரைக்கு ஒரு அரை மணி நேரம் கொடுங்க.