விரியும் அண்டமும் ஆற்றலின் கணக்கும்

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது என்னும் விதியைப் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். பிரசங்க பீடத்திலும் இது எடுத்தாளப்படுவதுண்டு. ஆத்துமா அழியாதது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உளர். உலகம் அநாதியானது, ஆகவே சிருஷ்டிகர் வேண்டுவதில்லை என்பதற்கும் இதையே காட்டுவோர் உளர். இவ்விதியின் எல்லை யாது என்பதை அறிந்த பின்னரே இவ்வாதங்களை நாம் எடைபோட வேண்டும்.

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மின்கலத்தைச் சோதிப்பதாகக் கொள்வோம். கலத்தில் குறைந்த ஆற்றலும், மின்சாரமாகவும் வெப்பமாகவும் வெளிவந்த ஆற்றலும் சரியாக ஈடாகும். நகரத்தாரின் ஐந்தொகையில் வரவும் செலவும் நேர்படுவதுபோல, இங்கு ஐயத்திற்கு இடமில்லை.

ஆயினும் அண்டவெளியைக் கடந்து வரும் அலைகளின் கணக்கு இவ்வாறன்று. உதகமண்டலத்தில் 1970இல் இயங்கத் தொடங்கிய, 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கென அமைந்தது. ஹைட்ரஜன் அணு வெளியிடும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணோ 1420 மெகாஹெர்ட்ஸ். விண்மீன் மண்டலங்களின் இடைத்தொலைவுகள் இன்றுள்ளவற்றில் நான்கிலொரு பங்கிற்கும் குறைவாயிருந்த காலத்தில் புறப்பட்ட அத்தகைய அலை, அண்டம் விரிவதால் நீட்சியுற்று, இத்தொலைநோக்கியின் அதிர்வெண்ணில் வந்து சேரும். அவ்வலைகளைத் தேடும் ஆய்வும் அங்கு நடைபெற்றது. அதிர்வெண் குறையின் ஒளித்துகளின் ஆற்றலும் குறையும். ஆக, முக்காற்பங்கிற்கு மேற்பட்ட ஆற்றல் குறைந்துவிட்டது. அது எங்கே போயிற்று?

யாதொரு பொருளும் அதை உறிஞ்சவில்லை. உருளைக்குள் அடைபட்ட வாயு உந்துதண்டைத் தள்ளி ஆற்றலை இழக்கும். அண்டத்திற்கோ தள்ளுவதற்குச் சுவரில்லை. எம்மி நோதர் என்னும் கணித அறிஞர் 1918இல் வெளியிட்ட தேற்றம் விடைக்கு வழிகாட்டுகிறது. காலம் செல்லினும் மாறாத அமைப்பு எங்குண்டோ, அங்கு ஆற்றலின் அளவும் மாறாது. விரியும் அண்டத்திலோ தொலைவுகளின் அளவே காலத்தோடு மாறுகிறது. ஆதலால் மொத்த ஆற்றல் மாறாதிருக்க வேண்டும் என்னும் நியதி அங்கில்லை. ஈர்ப்பிற்கும் ஓர் ஆற்றலைக் குறித்துக் கணக்கை நேர்செய்வோர் உளர். எனினும் அதற்கு அனைவரும் ஒப்பும் ஒரே வரையறை கிடையாது.

இதனால் விதி பொய்த்துவிட்டது என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு சிற்றிடத்திலும் அது பிழையாது நிற்கிறது. அண்டம் முழுவதையும் ஒரே கணக்கில் அடக்க முற்படுமிடத்துத்தான் அதன் எல்லை புலப்படுகிறது.

ஆகவே, அழியாமைக்கு இதை ஆதாரமாக்கும் பிரசங்கியாரும், அநாதித் தன்மைக்கு இதை ஆதாரமாக்கும் மறுப்பாளரும், அவ்விதி தராத உறுதியையே அதனிடம் கேட்கின்றனர். குறைந்துபோன ஆற்றலைத் தேவகரத்தின் அடையாளமாகக் காட்டுவதும் தகாது. நித்திய ஜீவனைக் குறித்த நமது நம்பிக்கை தேவனுடைய வாக்கின்மேல் நிற்பது. இயற்பியல் விதியொன்றை அதற்கு முட்டுக்கொடுத்தால், அவ்விதியின் எல்லை தெரியவரும் நாளில் கேட்போரின் விசுவாசமும் தள்ளாடும்.