செயலிழந்த துப்பாக்கியும் செல்லுபடியாகாத சான்றிதழும்

அவிசாவளையிலிருந்து கித்துல்கலயைக் கடந்து கினிகத்தேனைக்கு ஏறும் வீதியில், கட்டுநாயக்கவிலிருந்து வீடு திரும்புவோரை ஏற்றிவரும் வான்களைக் காணாத நாள் இல்லை எனலாம். தோட்டத்தை விட்டு வெளியேறாத தலைமுறைக்குப் பின், தொழிலுக்காகவும் கல்விக்காகவும் கடல் கடக்கும் தலைமுறை மலையகத்தில் உருவாகியுள்ளது. அவர்களது பெட்டிகளில் வரும் நினைவுப் பொருட்கள் பெரும்பாலும் தீங்கற்றவையே. ஆயினும், "இது சுடாது, வெறும் காட்சிப் பொருள்தான்" என்ற எண்ணத்தில் வாங்கப்படும் துப்பாக்கி வடிவப் பொருட்கள் பற்றிச் சிறிது விளக்கமாகப் பேச வேண்டியுள்ளது.

பழைய ஆயுதங்களைச் சேகரிப்பது உலகெங்கும் மதிக்கப்படும் பொழுதுபோக்காகும். வரலாற்றில் ஆர்வமுள்ள இளைஞன் ஒருவன் இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கியொன்றைக் கண்டு மயங்குவதில் வியப்பில்லை. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் சுட முடியாத உலோக மாதிரிகளையே தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இயங்கி வருகின்றது. இவை பிறப்பிலேயே போலிகள். செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கியின் கதை வேறு. அது ஒரு காலத்தில் மெய்யாகவே சுட்ட ஆயுதம். அதன் குழலை வெட்டி, உள்ளே உருக்கு முளையைச் செருகிப் பற்றவைத்து, ரவை ஏறும் அறையை அடைத்த பின்னரே அது சேகரிப்போர் கைக்கு வருகின்றது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, லண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் உள்ள பரிசோதனை நிலையங்கள் இவற்றைச் சோதித்து, முத்திரை பதித்துச் சான்றிதழ் வழங்கி வந்துள்ளன.

இந்தச் சான்றிதழில்தான் சிக்கல் ஆரம்பமாகின்றது. அது வழங்கிய நாட்டின் சட்டத்துக்கு மட்டுமே உரியது. 1995இல் பிரித்தானியா தன் விதிகளை இறுக்கியபோது, அதற்கு முந்திய முறையில் செயலிழக்கச் செய்யப்பட்டவை தளர்வானவையாகத் தோன்றின. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரின் யூத அங்காடியொன்றில் நடந்த தாக்குதல் நிலைமையை மேலும் மாற்றியது. தாக்குதல்தாரியிடமிருந்த துப்பாக்கிகள், வெற்றுச் சத்தம் மட்டும் எழுப்பும் வகையில் மாற்றப்பட்டு ஸ்லோவாக்கியாவில் விற்கப்பட்டவை. பின்னர் எவரோ அவற்றை மீண்டும் உயிர்ப்பித்திருந்தனர். அதனையடுத்து ஐரோப்பிய ஒன்றியம் பொதுவான செயலிழப்பு விதிகளை வகுத்து, 2016 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு நாட்டின் சான்றை அடுத்த நாடு நம்ப மறுத்த நிலையில், கட்டுநாயக்கவில் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

போலிகளின் நிலையும் இதற்குச் சளைத்ததன்று. ஜப்பான் 1971இலேயே, கைத்துப்பாக்கி வடிவிலான உலோக மாதிரிகளின் குழல் அடைக்கப்பட்டு, வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூசப்பட வேண்டுமென விதித்தது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுத் துப்பாக்கிகளின் முனையில் செம்மஞ்சள் நிறத்தைக் கட்டாயமாக்கியது. அப்படியிருந்தும் 2014இல் கிளீவ்லாந்து நகரில், அந்நிற முனை இல்லாத மாதிரித் துப்பாக்கியொன்றை வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானான். துப்பாக்கி சுடுமா, சுடாதா என்று ஆராய அங்கே எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இத்துறையின் அடிப்படையாகும். துப்பாக்கி இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இன்றியமையாதது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம், தானியங்கித் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருப்போருக்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனை வரை இட்டுச் செல்கின்றது. ஒரு பொருள் மெய்யானதா, போலியானதா என்பதைத் தீர்மானிப்பவர் அதனை வாங்கி வந்த பயணி அல்லர். முதலில் சுங்க அதிகாரியும், அடுத்துப் பொலிஸாரும், இறுதியில் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களமும் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த அறிக்கை வரும்வரை பொருளுக்கு உரியவர் எங்கே இருப்பார் என்பதே கேள்வி.

அயல்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2022 ஜூலையில் வியட்நாமிலிருந்து டில்லி விமான நிலையத்தை வந்தடைந்த தம்பதியினரின் பயணப் பைகளில் 45 கைத்துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டன. அவை மெய்யானவையா என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. தேசியப் பாதுகாப்புப் படையினரின் முதற்கட்ட அறிக்கை அவை இயங்கக்கூடியவை என்றது. கண்ணால் பார்த்து எவராலும் உறுதி கூற முடியாது என்பதற்காகவே இதை இங்கு குறிப்பிடுகின்றோம்.

தமிழ் பேசும் மக்களுக்கு இவ்விடயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்று சொல்வது கசப்பானதுதான். ஆனால் அதை மறைப்பதால் பயனில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் நிம்மதியைக் குலைத்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் வீடுகளில் நடந்த தேடுதல்களும் மறக்கக்கூடியவை அல்ல. அவ்வாண்டு மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவரது உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பல் சுக்கானின் சக்கரம், தர்மச் சக்கரமாகக் கருதப்பட்டதே காரணம். துணியிலிருந்த ஒரு சித்திரத்துக்கே அந்நிலை நேர்ந்ததெனில், வரவேற்பறைச் சுவரில் ரி-56 வடிவில் ஓர் இரும்புப் பொருள் தொங்கினால் என்ன ஆகும்? அந்தக் கைது நியாயமற்றது என்பதில் எமக்கு இரண்டாவது கருத்தில்லை. எனினும், நியாயம் நீதிமன்றத்தில் வெளிப்படும் முன் கழியும் நாட்களைத் திருப்பித் தருவோர் இல்லை.

மலையகத்துக்குத் துப்பாக்கி அலங்காரப் பொருளாக அறிமுகமானதன்று என்பதையும் இளைய தலைமுறை அறிந்திருத்தல் நலம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணனும் பொலிஸாரின் சூட்டில் மாண்டவர்கள். சிங்களத்தில் சுடுகலனை 'கினி அவி' என்பர். கினிகத்தேனை என்ற பெயரின் தொடக்கத்திலும் தீயைக் குறிக்கும் அதே 'கினி' இருக்கின்றது. காட்டுப்பன்றிக்குக் கட்டப்படும் கட்டுத்துவக்கில் அப்பாவிகள் கால்களை இழக்கும் நாட்டில், துப்பாக்கி மீதான மோகத்துக்கு வேறு விளம்பரமும் வேண்டுமா?

ஆர்வமுள்ளோருக்குப் பார்க்க இங்கேயே பொருட்கள் உண்டு. 1765இல் கண்டி அரண்மனையை ஒல்லாந்தர் சூறையாடியபோது கொண்டு சென்ற லேவுக்கே திசாவையின் பீரங்கி, நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் நகரின் ரிக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. அந்தப் பீரங்கியும், இரண்டு பெருந்துவக்குகளும், வாள்களும், கத்தியுமாக ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவை கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்வைக்கு வைக்கப்பட்டன.

வெளிநாட்டில் இருப்போர் அங்குள்ள சந்தைகளில் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதே உசிதம். அதையும் மீறி வாங்க விரும்புவோர் பாதுகாப்பு அமைச்சுக்கு முன்கூட்டியே எழுதி, பதிலைக் கையில் பெற்ற பின்னரே பணத்தைச் செலுத்த வேண்டும். கைப்பையில் இதனை ஒருபோதும் வைத்தலாகாது. மெய்யான ஆயுதம்போல் தோன்றும் மாதிரிகளுக்கும் விமானத்தின் பயணிகள் பகுதியில் தடை உண்டு. அனுமதி பெற்றவராயினும், கட்டுநாயக்கவில் இறங்கியதும் செல்ல வேண்டியது சிவப்பு வழியே. அதிகாரி பெட்டியைத் திறக்குமாறு கேட்கும் முன்னரே உள்ளே இருப்பதை வாய்மொழியாகவும் கடிதத்தைக் காட்டியும் அறிவித்துவிட வேண்டும்.