இரவு வேலையும் மனநலமும்: பொறுப்பு யாருடையது?

வேலைத்தலத்தில் உளநலம் பேணுவது பற்றி யாராவது பேச்செடுத்தால், அது வெள்ளைக்காரரின் அலுவலகங்களுக்குரிய விடயம் என்று எம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். தலைமை என்றதும் எமக்கு அரசியல் தலைமைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மனோர் பார்க் றொம்போர்ட் வீதியில் கடை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவரும், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைப் பட்டியல் போடுபவரும், கோயில் அறங்காவலரும், நலன்புரிச் சங்கச் செயலாளரும் தலைவர்களே. ஒருவர் எத்தனை மணிக்கு உறங்குவார், எந்த நாளில் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார் என்பதை இவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இதைப் பற்றி எம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. உளநலம் என்பதெல்லாம் வெறும் பூச்சு, சம்பளமும் நேரமும் சரியானால் மனமும் சரியாகும் என்பது ஒன்று. எம்மவரின் மனத்தைக் கெடுத்தது யுத்தம், அதற்கு முதலாளி என்ன செய்வார் என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள இந்த நாட்டின் அனுபவத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

லண்டன் அரசாங்க ஊழியர்களை 1967 முதல் ஆராய்ந்த வைற்ஹோல் ஆய்வு, பதவி தாழத் தாழ இருதய நோயால் இறப்பவர் தொகை கூடுவதைக் காட்டியது. மைக்கல் மார்மொற் தலைமையில் 1985 இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, 10,000 க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தது. வேலையின் பளு மட்டுமல்ல, அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்தச் சொல்லும் இல்லாத நிலையும் உடலை வருத்துகிறது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அடுத்த கிழமை தனக்கு எந்த நாள் வேலை என்று சனிக்கிழமை இரவுவரை தெரியாத ஒருவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சட்டத்தில் திருப்பம் 1994 இல் வந்தது. ஜோன் வோக்கர் நோதம்பலண்ட் கவுன்சிலின் சமூகசேவைப் பகுதி அதிகாரி. சிறுவர் துஷ்பிரயோக வழக்குகள் பெருகின, ஆட்களோ கூடவில்லை. 1986 நவம்பரில் அவர் மனமுடைந்து வீழ்ந்தார். 1987 மார்ச்சில் வேலைக்குத் திரும்பியபோது உதவிக்கு ஒருவரைத் தருவதாக மேலதிகாரி உறுதியளித்தார். வந்த உதவியாளர் சில வாரங்களில் திருப்பி எடுக்கப்பட்டார். செப்டெம்பரில் வோக்கர் மீண்டும் வீழ்ந்தார், 1988 இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முதல் வீழ்ச்சியை நிர்வாகம் எதிர்பார்த்திருக்க முடியாது, இரண்டாவதை எதிர்பார்த்திருக்க வேண்டும், ஆகவே அதற்கு நிர்வாகமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வோக்கரின் மனோபலத்தை நீதிமன்றம் அளக்கவில்லை. தெரிந்த பின்னும் நிர்வாகம் என்ன செய்தது என்றே கேட்டது.

பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் 2004 இல் வெளியிட்ட நியமங்களும் இதே கேள்வியைத்தான் ஆறாகப் பிரிக்கின்றன: வேலைப்பளு, வேலையில் தனக்குள்ள சொல், கிடைக்கும் ஆதரவு, சகமனிதர் உறவு, தன் பொறுப்பு எது என்ற தெளிவு, மாற்றங்கள் அறிவிக்கப்படும் விதம். ஆறில் ஒன்றுகூட ஊழியரின் மனத்துக்குள் இல்லை. எல்லாம் பட்டியல் போடுபவரின் மேசையில் இருப்பவை.

எம்மவரிடையே இது இன்னும் சிக்கலாகிறது. யுத்தம் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களை யாழ்ப்பாணத்திலிருந்தே மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து, 1998 இல் நூலாக வெளியிட்டார். அந்த வடுக்களோடு வந்தவருக்கு இங்கே ஏஜென்சிக் கடன், ஊருக்கு அனுப்பும் காசு, முடிவு தெரியாத அகதி வழக்கு. ஆறு மாதம் காத்திருந்த அகதிக் கோரிக்கையாளர் வேலை அனுமதி பெறக்கூடியதாக இருந்த சலுகையை 2002 யூலையில் அரசு நிறுத்தியது. அதன்பின் பலருக்குத் தெரிந்தவரின் கடையே ஒரே வழியாயிற்று. முதலாளி ஊரவர், சிலவேளை மைத்துனர். அவர் செய்தது உதவி என்பது மெய். ஆனால் உதவி பெற்றவர் ஓய்வு கேட்டால் நன்றி கெட்டவர் ஆகிவிடுகிறார். பன்னிரண்டு மணிநேரம் நிற்பவர் வாய் திறக்காதது இதனால்தான். ஒருநாள் அவர் கல்லாவுக்கு முன்னால் அழுதால் "விசர் பிடிச்சிட்டுது" என்று சொல்லிவிடுகிறோம். அங்கொடையின் நிழல் மனோர் பார்க் வரைக்கும் நீண்டிருக்கிறது.

இனி, தலைவர் செய்யக்கூடியவை. வேலைப் பட்டியலை இரண்டு கிழமைக்கு முன்பே கொடுக்கலாம். 1998 ஆம் ஆண்டின் வேலைநேர விதிகளின்படி ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையே 11 மணிநேரம், கிழமைக்கு ஒருநாள், ஆறு மணிநேரத்துக்கு மேற்பட்ட வேலையில் 20 நிமிடம் என ஓய்வு தரவேண்டும். இரவு வேலை செய்பவருக்கு இலவச உடல்நலக் கணிப்பும் உண்டு. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். ஐந்து பேருக்குக் குறைந்த கடையில் ஆபத்துக் கணிப்பை எழுத்தில் வைக்கத் தேவையில்லை. ஆனால் கணிக்காமல் விட முடியாது. கடையில் கொள்ளை நடந்த மறுநாளே அதே ஆளைத் தனியே நிறுத்துவது எந்தக் கணிப்பிலும் அடங்காது. உள்துறை அமைச்சின் நேர்காணலுக்கு முதல்நாள் இரவு வேலை போடாதிருப்பதும் இதில் சேரும்.

பேசும் விதமும் முக்கியம். வாடிக்கையாளர் முன்னிலையில் அல்ல, தனியே, "நித்திரை வருகுதா?" என்று கேட்டால் போதும். பதில் சொன்னால் அது அவரது இரகசியம். எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கும் சமூகத்தில் அது மாலைக்குள் கோயிலடிக்கு எட்டிவிடும் என்ற பயமே வாயை அடைக்கிறது. முதலாளி வைத்தியராக வேண்டியதில்லை. குடும்ப வைத்தியரிடம் போகவும், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் வேலைநேரத்தைக் கொடுத்தால் போதும். சுகமாகித் திரும்புபவரை முதல்நாளே முழு இரவுக்கு நிறுத்தக் கூடாது.

எமது சங்கங்களும் தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வதைபட்டவரின் கதையை நாள்தோறும் மொழிபெயர்க்கும் தொண்டருக்கு மாலையில் அதை இறக்கிவைக்க இடமுண்டா? அவரும் தமிழர், அவரும் யாரையோ இழந்தவர்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள், வேலையின் அமைப்பைத் திருத்துவதையும் மேலாளர்களைப் பயிற்றுவதையும் தனிமனித சிகிச்சையோடு சேர்த்தே வலியுறுத்துகின்றன. சம்பளமும் நேரமும் முதலில் என்பவர்கள் சொல்வது சரியே. ஆனால் முழுச் சம்பளம் கொடுத்தும் ஒருவரை உடைக்க முடியும். வோக்கருக்குச் சம்பளம் குறையவில்லை. அவரிடமிருந்து எடுக்கப்பட்டது ஒரு துணையாள். எமது கடைகளிலும் சங்கங்களிலும் அந்தத் துணையாளை யார் யாரிடமிருந்து எடுத்தோம் என்பதிலிருந்தே இந்த விவாதம் தொடங்க வேண்டும்.