அறிந்தவன் கட்டும் பந்தயம்

சூதாட்டத்தைப் பற்றித் திருச்சபை நெடுங்காலமாகக் கூறிவரும் கண்டனம், அது உழைப்பின்றிப் பொருள் தேடுகிறது, இறைவனின் பராமரிப்பை விட்டுக் குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புகிறது என்பதாகும். இக்கண்டனம் சரியானதே. ஆயினும் விளைவை முன்னரே அறிந்துகொண்டு பந்தயம் கட்டுகிறவனை இது தொடுவதில்லை. அவன் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. எதிரே நிற்பவனின் அறியாமையை நம்புகிறான். தமிழ்நாட்டின் குதிரைப் பந்தயத் தடையைப் பற்றிய வழக்கில், அப்பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சூதாட்டமன்று என 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவு நுழைந்தவுடன் குற்றம் நீங்கிவிடுகிறது என்பதே பொதுமக்களின் எண்ணமும். நமது கேள்வி மறுபுறத்திலிருந்து எழுகிறது. அறிவு ஒருவனிடத்தில் மட்டும் இருக்குமாயின் அப்பந்தயம் தூயதாகிறதா, இன்னும் கொடியதாகிறதா?

திண்டுக்கல் சமவெளியில் பந்தயம் என்னும் பெயரைப் பெறாத பந்தயங்கள் பல உண்டு. நத்தம் பகுதியில் மாந்தோப்புகளும் புளியமரங்களும் காய் முற்றுமுன்னரே குத்தகைக்குப் பேசப்படுகின்றன. பூவைப் பார்த்தே விலை. காற்றும் பூச்சியும் வந்தால் குத்தகைதாரருக்கு நட்டம். காய்ப்பு மிகுந்தால் ஆதாயம். வானத்தை இருவருமே அறியார். தோப்புக்காரருக்கு முன்பணம் கிடைக்கிறது, இடரை மற்றவர் ஏற்றுக்கொள்கிறார். இதனைப் பாவமென்று நாம் கூறத் துணியோம்.

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறிச் சந்தையின் நிலை வேறு. அங்கு வரும் காய்களில் பெரும்பகுதி கேரளத்திற்குச் செல்கிறது. ஓணத்திற்கு முந்திய நாட்களில் எவ்வளவு தேவைப்படும், எந்த ஊருக்கு எத்தனை லாரி போகும் என்பதைக் கேரள வியாபாரிகளோடு நாள்தோறும் பேசும் மண்டிக்காரர் அறிவார். விடியற்காலையில் தக்காளியைப் பறித்துக் கூடையில் அடைத்து வருகிற விவசாயி அறியார். பறித்த தக்காளியை மீண்டும் செடியில் ஒட்டவைக்க இயலாது. மாலைக்குள் விற்றாக வேண்டும். விதைக்கும் உரத்திற்கும் அதே மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பாராயின் வேறு மண்டிக்குப் போகவும் வழியில்லை. இன்று விவசாயியின் கையிலும் கைபேசி இருக்கிறது என்பது உண்மை. நேற்றைய விலையை அது சொல்லும். நாளைய லாரிகளின் எண்ணிக்கையை அது சொல்வதில்லை.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என 30ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் மோசடியைப் பற்றிய 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. அதற்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது: வணிகர் இருவர் ஒப்பந்தம் செய்கையில், விலை மாற்றத்தைப் பற்றி ஒருவர் மட்டும் தனியே செய்தி அறிந்திருந்தால், அதனை மற்றவருக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவரல்லர். இங்கு ‘வணிகர் இருவர்’ என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அதே பிரிவில், தந்தைக்கும் அப்போதுதான் வயதுக்கு வந்த மகளுக்கும் இடையே நிகழும் விற்பனையில் உறவின் காரணமாகப் பேசும் கடமை உண்டு என்ற எடுத்துக்காட்டும் இருக்கிறது. ஆகவே எதிரே நிற்பவர் யார் என்பதைச் சட்டமே கேட்கிறது.

சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர்பெற்ற திண்டுக்கல் வாசகர்களுக்கு அமெரிக்க வழக்கொன்று சுவை தரும். 1815 பிப்ரவரியில், பிரிட்டனோடு சமாதானம் ஏற்பட்ட செய்தி நியூ ஆர்லியன்ஸ் நகரில் பரவுமுன், ஆர்கன் என்னும் வணிகர் அதனை அறிந்து, லெய்ட்லா நிறுவனத்தாரிடம் 111 பெரும் பீப்பாய்ப் புகையிலையை வாங்கினார். ஏதேனும் செய்தி உண்டோ என விற்பவர் கேட்டதாகவும் வழக்கில் பேசப்பட்டது. செய்தி வெளியானதும் விலை 30 முதல் 50 விழுக்காடு வரை ஏறிற்று. 1817இல் தலைமை நீதிபதி மார்ஷல், வாங்குபவர் தாம் அறிந்ததைத் தாமாகவே சொல்ல வேண்டியதில்லை என்றார். ஆனால் மற்றவரை ஏமாறச் செய்யும் எதனையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்து, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார். இதற்கு வெகு காலத்துக்கு முன்னரே சிசரோ, பஞ்சத்தால் வாடிய ரோது தீவுக்குத் தானியம் கொண்டுவந்த வணிகனைப் பற்றி எழுதினார். பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அறிந்த அவன் அதனைச் சொல்ல வேண்டுமா? சொல்லவேண்டும் என்பதே சிசரோவின் முடிவு. தாமஸ் அக்குவினாஸ், சொல்லாவிடின் நீதி மீறப்படாது, சொல்வது மேலான நற்பண்பு என்று நிறுத்திக்கொண்டார். லூத்தரோ 1524இல் வணிகத்தைப் பற்றி எழுதிய நூலில், இயன்ற அளவு உயர்ந்த விலைக்கு விற்பேன் என்னும் வணிகரின் கொள்கையையே அடியோடு கண்டித்தார். அயலானின் நெருக்கடி விலைக்கு அளவுகோலாகலாகாது என்பது அவர் கருத்து. நமக்கு அக்குவினாஸின் விடை போதவில்லை.

திருமறையில் இத்தகைய பந்தயம் வெளிப்படையாகவே ஒன்று வருகிறது. சிம்சோன் தன் திருமண விருந்தில் முப்பது பேரோடு விடுகதைப் பந்தயம் கட்டுகிறான் (நியாயாதிபதிகள் 14). செத்த சிங்கத்தில் தேன் இருந்ததை அவன் மட்டுமே அறிவான். எத்திறமையாலும் கண்டறிய முடியாத விடை அது. அறிய வழியற்றவர்கள் அவன் மனைவியை மிரட்டி விடையைத் திருடுகிறார்கள். தோற்ற சிம்சோன் அஸ்கலோனில் முப்பது பேரைக் கொன்று பந்தயத்தைச் செலுத்துகிறான். தனியறிவின்மேல் கட்டிய பந்தயம் எதிராளியைத் திருட்டுக்குத் தள்ளுகிறது என்பதை இவ்வரலாறு கூச்சமின்றிக் காட்டுகிறது.

யோசேப்பின் வரலாறு இன்னும் கடினமானது. ஞாயிறு பள்ளியில் அவரைச் சிறந்த நிர்வாகி என்று போதிக்கிறோம். ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் வாசிப்பதில்லை. ஏழாண்டுப் பஞ்சம் வருமென்பதை அறிந்தவர் சேர்த்துவைத்த தானியத்திற்காக மக்கள் முதலில் பணத்தையும், பிறகு ஆடுமாடுகளையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே விற்றனர். அவர்களுடைய உயிர் காக்கப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் காத்த அறிவு பார்வோனின் கையில் இருந்தபடியால், முடிவில் தேசமும் அவன் கைக்குப் போயிற்று. ஆசாரியர்களின் நிலம் மட்டும் தப்பியது. குருத்துவப் பணியில் இருப்போர் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குவது நலம்!

இதற்கு நேர்மாறாக நிற்பது லேவியராகமம் 25. நிலத்தை விற்கையில், யூபிலி ஆண்டு வரை எஞ்சியிருக்கும் அறுவடைகளை எண்ணி விலை குறிக்க வேண்டும், ஒருவரையொருவர் ஒடுக்கலாகாது. நிலத்தை அன்று, அறுவடைகளின் தொகையையே விற்கிறார்கள் என்று அப்பகுதி விளக்குவது, நத்தத்து மாந்தோப்புக் குத்தகையை நினைவூட்டுகிறது. யூபிலி எப்போது என்பது எவருடைய இரகசியமும் அன்று. தேசமெங்கும் எக்காளம் ஊதி அறிவிக்கப்படுகிறது. விலைக்கு ஆதாரமான அறிவு பொதுச்சொத்தாக்கப்பட்ட பின்னரே விற்பனை நடைபெறுகிறது. நம் நாளில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், 1999 முதல் உழவர் சந்தைகளிலும் எழுதிவைக்கப்படும் விலைப்பலகை இவ்வெக்காளத்தின் மங்கிய எதிரொலி எனலாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் செய்தியைத் தேட யார் முயல்வார் என்று வியாபாரி கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. தோப்பைச் சுற்றி நடந்து, பூவை எண்ணி, பல்லாண்டுப் பழக்கத்தால் மதிப்பிடுகிறவரின் அறிவு உழைப்பின் கூலி. சமமானவர்களுக்கிடையே அதனை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் கடன்பட்டு, வேறிடம் போக வழியின்றி நிற்பவரிடம் அதே மௌனம் வேறு பொருள் பெறுகிறது. அவர் பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லை, இழுத்து வரப்பட்டிருக்கிறார். மேலும், சரக்கை மட்டம், மட்டம் என்று பழித்து வாங்கி, அப்பால் போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20:14 நன்றாகவே அறிந்திருக்கிறது. அவ்விடத்தில் மௌனமும் இல்லை, பொய்யே இருக்கிறது.

நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஒரு பூசணிக்காயின் கடைவிலையை எல்லாரும் அறிந்திருந்தும், அதைப்போல் பலமடங்கு கொடுத்து மகிழ்ச்சியோடு எடுக்கிறோம். மண்டி வைத்திருப்பவரும் அவருக்குக் காய் போடுகிறவரும் அங்கு ஒரே பாயில் அமர்ந்திருப்பதுண்டு. மறுநாள் காலை சந்தையில், கேரளத்தில் கிராக்கி எப்படி என்று இரண்டாமவர் கேட்கும்போது முதலாமவர் என்ன விடை கொடுக்கிறார் என்பதை, அடுத்த ஓணத்திற்கு முன் சேகரக் கமிட்டிகள் பேசுபொருளாக எடுத்துக்கொள்ளலாம்.