“உள்ளே என்ன இருக்கிறது?”

சித்திரை முதல் நாள் என்றால் நமக்கு மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும்தான் நினைவுக்கு வரும். மும்பையில் குடியேறிப் பல வருஷங்கள் ஆகியும், ஏப்ரல் 14-ஆம் தேதிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது எனக்குத் தெரியாமலேதான் இருந்தது. தெரிய வைத்தது பக்கத்து பிளாட் மாமியின் வாணலி!

மார்கழியில் ஒரு நாள் மாமி அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காய வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போயிருக்கிறார். திரும்பி வந்தால் வாணலியில் தீ. பதறிப் போய் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டார். அவ்வளவுதான், குபீரென்று எழும்பிய தீ ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டது.

நான் 101-ஐச் சுழற்றி, “தீ! சீக்கிரம் வாங்க!” என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். நல்ல வேளை, அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் இருக்கிறார்களா, எது எரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் ஒருவர். எனக்கோ ஆத்திரம். “கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, வண்டியை அனுப்புங்களேன்!” என்றேன். “நீங்க விலாசம் சொன்னதுமே வண்டி கிளம்பியாச்சு, தாயி” என்றார் அமைதியாக. (மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்கா.)

வந்த வீரர் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி: “உள்ளே வேற என்ன இருக்கு?” அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிரம்பிய சிலிண்டர் ஒன்று! போனில் அதைச் சொல்லவே இல்லையே! இருவர் புகைக்குள் புகுந்து அதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாமிக்குக் கையில் மட்டும் காயம், ஆறிவிட்டது.

சித்திரை முதல் நாள் பாயசத்தோடு அந்த நிலையத்துக்கு நன்றி சொல்லப் போனேன். வீரர்கள் வரிசையாக, தலை குனிந்து, மௌனமாக நின்றுகொண்டிருந்தார்கள். ‘பண்டிகை நாளில் இதென்ன?’ என்று தயங்கினேன். அதிகாரிதான் விளக்கினார்.

1944-ஆம் வருஷம் இதே நாள். பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் நின்றிருந்தது. உள்ளே பஞ்சுப் பொதிகள்; கூடவே ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள். பஞ்சில் தீப் பிடித்தது. வெடிமருந்து இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியோ ஏற்றப்படவில்லை. சுற்றியிருந்த கப்பல்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆபத்து தெரியவில்லை. தீயணைப்புப் படையினர் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் மறுபடியும் வெடித்தது. அந்த அதிர்வு சிம்லாவில் இருந்த பூகம்பமானியில்கூடப் பதிவாயிற்று. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகவும், 20-ஆம் தேதி வரை தீயணைப்பு வாரமாகவும் அனுசரிக்கப்படுகின்றன.

கையில் பாயசப் பாத்திரத்தோடு நானும் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றேன்.

பிறகு படையின் கதையைக் கேட்டேன். 1803-இல் கோட்டைப் பகுதியில் பெரும் பகுதி எரிந்து போன ஊர் இது. ஆரம்பத்தில் தீயணைப்பு போலீஸார் பொறுப்பில் இருந்ததாம். 1887-இல்தான் முறையான படை அமைந்தது. இன்றும் இது மாநகராட்சியின் படைதான். சென்னையில் அப்படியில்லை, அங்கே இது மாநில அரசின் துறை.

தலைமையகம் பைகுலாவில். எல்லோருக்கும் மேலே தலைமைத் தீயணைப்பு அதிகாரி; நிலையத்துக்கு நிலைய அதிகாரி; அவருக்குக் கீழே துணை அதிகாரி, முன்னணி வீரர், வீரர்கள், ஓட்டுநர். நாம் போனில் சொல்லும் செய்தியைக் கட்டுப்பாட்டு அறை நிலையத்துக்குச் சொல்கிறது. எத்தனை வண்டி, ஏணி வேண்டுமா என்று தீர்மானிப்பதும் அந்தச் செய்தியை வைத்துத்தான். ஆக, இந்தப் படையின் முதல் ஆள் யார் தெரியுமா? போன் செய்யும் நாம்தான்!

வீடு திரும்பியதும் ஒரு தாளில் இதை எழுதி போனுக்கு மேலே ஒட்டிவிட்டேன். நீங்களும் செய்யுங்களேன்:

* 101 அல்லது 112. முழு விலாசம், மாடி, பக்கத்து அடையாளம்.

* உள்ளே யார் இருக்கிறார்கள்? குழந்தைகள், நடக்க முடியாத பெரியவர்கள்?

* எத்தனை சிலிண்டர், எந்த இடத்தில்?

* அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். ஆனால் பேசுவதற்காகத் தீயருகே நிற்கவும் வேண்டாம்.

* எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் கூடவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். வாணலியைத் தூக்காதீர்கள். தீ பெரிதாகிவிட்டால் வெளியேறிவிடுங்கள்.

* கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறவுங்கள். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

* வெளியேற லிஃப்ட் வேண்டாம், படிதான்.

என் பெண்ணுக்கு ஏழு வயசு. அவளுக்கும் விலாசத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் தெருவில் மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி போனால், “அம்மா, அவங்க எல்லாத்தையும் சரியாச் சொல்லியிருப்பாங்களா?” என்று கேட்கிறாள்.

சொல்லியிருக்க வேண்டுமே என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.