சோலைபாடியை இனங்காண்பது எப்படி?

வில்பத்து போன்ற உலர் வலயக் காடொன்றின் ஓரத்தில் அதிகாலையில் நின்றால், பற்றைக்குள்ளிருந்து தெளிவான, இனிய பாடலொன்று கேட்கும். பாடும் பறவையைத் தேடினால் இலைகள் மட்டுமே தெரியும். "இது குண்டுகரிச்சான்தான்" என்று பலர் முடிவுசெய்துவிடுவர். ஆனால் அது அதன் உறவான சோலைபாடியாக இருக்கலாம். சிங்களத்தில் குண்டுகரிச்சானைப் 'பொல்கிச்சா' என்றும், சோலைபாடியை 'வல் பொல்கிச்சா', அதாவது காட்டுப் பொல்கிச்சா என்றும் அழைப்பர்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. முதலில் இடத்தைக் கவனியுங்கள். குண்டுகரிச்சான் வீட்டுத் தோட்டத்துக்கும் வரும். கூரையிலும் மதிலிலும் வெளிப்படையாக அமர்ந்து பாடும். சோலைபாடியோ காட்டின் நிழலில், தாழ்ந்த கிளைகளிலேயே தங்கும். நிலத்திலும் இலைகளிலும் உள்ள பூச்சிகளே அதன் முக்கிய உணவு.

அடுத்தது நிறம். இரண்டுக்கும் தலையும் முதுகும் கறுப்பு. குண்டுகரிச்சானின் வயிறு வெண்மை. சிறகிலும் வெள்ளைக் கோடு உண்டு. சோலைபாடியின் வயிறு செங்கபில நிறம். சிறகில் வெள்ளைக் கோடு இல்லை. வால் நீண்டது. பறந்து மறையும்போது வாலின் அடியில் முதுகுப்புறம் வெண்மை பளிச்சிடும். பல வேளைகளில் நமக்குக் கிடைப்பது அந்த ஒரு கணக் காட்சிதான். பெண்பறவையின் வால் சற்றுக் குறுகியது.

உலகில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட பறவைப் பாடல் இந்த இனத்துடையதே எனக் கருதப்படுகிறது. 1889இல் ஜேர்மனியில் லுட்விக் கோச் என்ற சிறுவன், தான் வளர்த்த சோலைபாடியின் குரலைப் பதிவுசெய்தான். அந்தக் குரலே இப்பறவைக்குத் துன்பமும் ஆனது. தென்கிழக்காசியாவில் கூண்டில் வளர்ப்பதற்காக இவை பெருமளவில் பிடிக்கப்படுகின்றன. அதனால் 2022இல் இதன் சர்வதேச வர்த்தகம் சைற்றிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

எனவே, சோலைபாடியைக் காண விரும்பும் மாணவியர் அதனைத் துரத்த வேண்டாம். கைத்தொலைபேசியில் அதன் பாடலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென எண்ணி, இரைதேடலையும் கூட்டையும் விட்டு அது அலைக்கழியும். பெற்றோருடன் காட்டோரத்தில் அசையாமல் நின்று, முதலில் காதால் கேளுங்கள். பறவைகளும் அல்லாஹ்வைத் துதிப்பதாகத் திருக்குர்ஆனில் படிக்கிறோம். அந்தக் குரலைக் குலைக்காமல் கேட்டுத் திரும்புவதும் ஓர் அறிவுதான்.